நீச்சல் தெரியாது என்பதை இன்றைக்கே சொல்லிவிடுங்கள்

இந்த வாரக் கடிதம் ஜெர்மனியிலிருந்து வந்திருக்கிறது. எழுதியவருக்கு 22 வயது, திருச்சிப் பக்கம் சொந்த ஊர், பி.எஸ்சி. முடித்தவர். பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். ஏ1 என்ற ஆரம்பநிலை ஜெர்மன் பரீட்சை எழுதிப் பாஸ் செய்து, பிப்ரவரி முதல் வாரத்தில் ஷ்டுட்கார்ட்டுக்குத் தெற்கே ஒரு சின்ன ஊரில் உள்ள குடும்பத்துக்கு ஓபேராகப் போயிருக்கிறார். ஒரு குடும்பத்தோடு தங்கி, அவர்கள் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு, கூடவே அந்த நாட்டு மொழியையும் கற்றுக்கொள்ளும் ஏற்பாட்டுக்குத்தான் ஓபேர் என்று பெயர். வீட்டில் எட்டு வயதுப் பையன், நான்கு வயதுப் பெண். அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். கீழ்த்தளத்தில் பாட்டி.

ஜூலை வரை ஒரு குறையும் இல்லை என்கிறார். காலையில் இரண்டு மணி நேரம், பள்ளி விட்ட பிறகு மூன்று நான்கு மணி நேரம், வாரத்தில் இரண்டு நாள் ஜெர்மன் வகுப்பு. ஜூலை கடைசியில் கோடை விடுமுறை ஆரம்பித்ததும் எல்லாம் மாறிவிட்டது. காலை ஏழரைக்கு ஆரம்பித்தால் மாலை ஐந்தரை வரை இரண்டு குழந்தைகளும் இவர் பொறுப்பு. அப்புறம் பாத்திரம், துணி. வாரத்தில் மூன்று நாள் பாட்டியைக் குளிக்க வைக்க உதவ வேண்டும். அடுத்த வாரம் குடும்பம் போடன்சே ஏரிக்கரைக்கு இரண்டு வாரம் போகிறது. இவரும் போக வேண்டும், அது இவருடைய லீவில் கழியும் என்று சொல்லிவிட்டார்கள். ஆகஸ்டில் வகுப்பு இல்லாததால் வகுப்புப் பணமும் இல்லை. பாஸ்போர்ட் “பத்திரமாக இருக்கட்டும்” என்று அவர்கள் அலமாரியில் இருக்கிறது.

“எதிர்த்துப் பேசினால் விசாவை கேன்சல் பண்ணி அனுப்பிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. அம்மா, ‘கொஞ்சம் பொறுத்துப் போ, முடியலன்னா பாரிஸ்ல அத்தை வீட்டுக்குப் போயிடு’ என்கிறாள். அப்பா நகையை அடகு வைத்து ஏஜென்ட்டுக்கு இரண்டரை லட்சம் கொடுத்திருக்கிறார். இங்கே நம் ஆட்கள் நடத்தும் ஹோட்டலில் வார இறுதியில் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், போகலாமா? மினிமம் சம்பளம் கேட்க முடியுமா? அடுத்த சம்மருக்கு என் தங்கையையும் மூன்று மாதம் அனுப்புவதாக அதே ஏஜென்ட் வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறார், அனுப்பலாமா?” இவைதான் கேள்விகள்.

அன்புள்ள மகளுக்கு,

உங்கள் கடிதம் நான்கு பக்கம். அதில் மூன்றாம் பக்கத்தில் நீங்கள் கேள்வியாகக்கூட எழுதாத ஒரு வரி இருக்கிறது: “மத்தியானம் வெயில் அதிகம் என்றால் இரண்டு பேரையும் ஊருக்கு வெளியே இருக்கும் குவாரி ஏரிக்குக் கூட்டிப் போவேன். எனக்கு நீச்சல் தெரியாது, கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.” விசா, பணம், லீவு எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் முதலில் இந்த வரிக்குத்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஏரிக்கரை

உங்களுக்கு நீச்சல் தெரியாது என்று அந்தக் குடும்பத்துக்குத் தெரியுமா? கடிதத்தைப் படித்தால் தெரியாது என்றுதான் தோன்றுகிறது. ஜெர்மனியில் பெரும்பாலான பிள்ளைகள் ஆரம்பப் பள்ளியிலேயே நீச்சல் கற்கிறார்கள். 22 வயதுப் பெண்ணுக்கு நீந்தத் தெரியாமல் இருக்கலாம் என்பது அவர்களுக்குத் தோன்றியே இருக்காது. “ஏரிக்குப் போகலாமா” என்று கேட்டிருப்பார்கள், நீங்கள் சரி என்று தலையாட்டியிருப்பீர்கள். கேட்டதற்கெல்லாம் தலையாட்டிப் பழகிய வளர்ப்பு நம்முடையது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அது உயிருக்கே ஆபத்து.

குவாரி ஏரி என்றால் மணலும் ஜல்லியும் தோண்டி எடுத்த பள்ளத்தில் தேங்கிய தண்ணீர். கரையில் இரண்டடி ஆழம் இருக்கும், நாலு எட்டு வைத்தால் சட்டென்று ஆள் மூழ்கும் ஆழம். மேலே வெதுவெதுப்பாக இருந்தாலும் கொஞ்சம் கீழே தண்ணீர் சில்லென்று இருக்கும். நகராட்சி நீச்சல் குளத்தில் காவலுக்கு ஆள் உண்டு, குவாரி ஏரிகளில் பல இடத்தில் கிடையாது.

பையனின் நீச்சல் டவுசரில் கடல்குதிரை பேட்ஜ் தைத்திருக்கிறது, அதனால் அவனைப் பற்றிக் கவலை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறான நம்பிக்கை. ‘ஸேப்பெர்ட்ஷன்’ என்ற அந்தப் பேட்ஜ், தண்ணீரில் குதித்து 25 மீட்டர் நீந்தி, தோளளவு தண்ணீரில் கிடக்கும் பொருளை எடுத்த பிள்ளைக்குக் கிடைப்பது. நீச்சலில் அது முதல் படி மட்டுமே. ஜெர்மன் உயிர்காப்புச் சங்கமான டி.எல்.ஆர்.ஜி., அதற்கு அடுத்த வெண்கலப் பேட்ஜ் வாங்கியவரைத்தான் பாதுகாப்பாக நீந்தத் தெரிந்தவர் என்று கணக்கில் எடுக்கிறது. அதற்குப் பதினைந்து நிமிடம் நிற்காமல் நீந்த வேண்டும். சின்னவள் கையில் மாட்டும் காற்றுப் பட்டைகளும் அப்படித்தான். மிதக்க உதவுமே தவிர, உயிரைக் காப்பாற்றும் சாதனம் இல்லை. அவள் தண்ணீரில் இருக்கும்போது நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் கையெட்டும் தூரத்தில் தண்ணீரிலேயே இருக்க வேண்டும். நீங்கள் கரையில் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

குழந்தைகளை உங்களிடம் ஒப்படைத்த நேரத்தில் மேற்பார்வைக் கடமை உங்களுக்கு வந்துவிடுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஏதாவது நடந்தால் போலீஸ் உங்களையும் கேட்கும். நீந்தத் தெரியாது என்பதை மறைத்தீர்களா, சொன்னீர்களா என்பது அப்போது பெரிய கேள்வியாக நிற்கும். ஆனால் சட்டம் எல்லாம் அப்புறம். அந்த இரண்டு பிள்ளைகளும் உங்களை நம்பித் தண்ணீரில் இறங்குகிறார்கள்.

அதனால் இந்தப் பதிலைப் படித்த அன்று மாலையே சொல்லுங்கள். “இஷ் கான் நிஷ்ட் ஷ்விம்மன்.” எனக்கு நீந்தத் தெரியாது. நான்கே வார்த்தைதான், உங்கள் ஏ1 ஜெர்மன் தாராளமாகப் போதும். கூடவே, “நான் தனியாக இருக்கும்போது பிள்ளைகளைத் தண்ணீருக்கு அழைத்துப் போக மாட்டேன்” என்பதையும் சொல்லிவிட்டு, அதையே அவர்கள் போனுக்கு மெசேஜாகவும் அனுப்பிவிடுங்கள். போடன்சே கிளம்புவதற்கு முன்னால் இது நடந்தாக வேண்டும். அந்த ஏரி கடல் மாதிரி, காற்று அடித்தால் அலை எழும். அவர்கள் முகம் சுளிப்பார்களோ என்று யோசிக்காதீர்கள். இவ்வளவு நாள் சொல்லவில்லையே என்று திடுக்கிடுவார்கள், சரிதான். ஆனால் இதைக் கேட்ட பிறகும் பிள்ளைகளை உங்களோடு ஏரிக்கு அனுப்பும் பெற்றோர் இருக்க மாட்டார்கள்.

மணிக்கணக்கு

இப்போது வேலை நேரம். ஜெர்மனியில் ஓபேர் ஒரு நாளைக்கு அதிகபட்சம் 6 மணி நேரம், வாரத்துக்கு 30 மணி நேரம் உதவலாம். பெற்றோர் இரவு வெளியே போகும்போது குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதும் இந்த 30-க்குள் அடங்கும். வாரத்தில் ஒன்றரை நாள் முழு ஓய்வு, மாதத்தில் ஒரு ஞாயிறாவது உங்களுடையது, வாரத்தில் நான்கு மாலைகள் உங்களுடையவை. பாக்கெட் மணி மாதம் 280 யூரோ, வகுப்புக்கு 70 யூரோ. சாப்பாடு, தனி அறை, மருத்துவ, விபத்துக் காப்பீடு எல்லாம் அவர்கள் செலவு. இதெல்லாம் நீங்கள் விசாவுக்குக் கொடுத்த ஒப்பந்தத்திலேயே இருக்கும். எடுத்துப் படித்துப் பாருங்கள். நிறையப் பேர் கையெழுத்துப் போட்டதோடு சரி, திரும்பப் பார்ப்பதில்லை.

உங்கள் கணக்குப்படி இப்போது ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் ஆகிறது. அதாவது மூன்றாவது நாளிலேயே வாரக் கணக்கு முடிந்துவிடுகிறது. என்றைக்கோ ஒரு நாள் அரை மணி கூடுவதெல்லாம் எந்த வீட்டிலும் நடக்கும், அதை மறுநாள் கழித்துக்கொள்ளலாம். மூன்று வாரமாக இப்படியே போவது விதிமீறல். “நான் இந்த வீட்டுப் பெண் மாதிரி, மணிக்கணக்கு பார்த்தால் நன்றாக இருக்குமா” என்று கேட்டிருக்கிறீர்கள். குடும்பத்தில் ஒருவராக நடத்த வேண்டும் என்பதும் ஓபேர் ஏற்பாட்டின் விதிதான், 30 மணி நேரமும் விதிதான். இரண்டும் ஒரே ஒப்பந்தத்தில்தான் இருக்கின்றன. ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறுக்க முடியாது.

ஆனால் உங்களைக் கசக்கிப் பிழிய வேண்டும் என்று திட்டம் போட்டு அவர்கள் இதைச் செய்வதாக எனக்குப் படவில்லை. நீங்கள் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் கோடை விடுமுறை ஆறு வாரத்துக்கு மேல். அதற்கு நடுவில் மழலையர் பள்ளிகள் பலவும் இரண்டு மூன்று வாரம் மூடிவிடுவார்கள். வாரம் ஐந்து நாள் வேலைக்குச் சட்டப்படி 20 நாள்தான் லீவு. பல கம்பெனிகளில் 30 நாள் வரை தருகிறார்கள். வருடம் முழுக்கப் பள்ளி விடுமுறை சுமார் 75 வேலை நாட்கள். அப்பா அம்மா மாற்றி மாற்றி லீவு போட்டாலும் துண்டு விழும், அந்தத் துண்டு உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. விடுமுறைக்குப் பகல்நேர முகாம்களை நகராட்சியும் விளையாட்டுக் கிளப்புகளும் நடத்துகின்றன, பையனை ஒரு வாரமாவது அங்கே சேர்க்கலாம். இந்த யோசனையை நீங்களே எடுத்துச் சொன்னால் பேச்சு சண்டையாக மாறாது.

எப்படிப் பேசுவது? பாத்திரம் கழுவிக்கொண்டே ஆரம்பிக்க வேண்டாம். “புதன் இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு அரை மணி நேரம் பேசலாமா?” என்று முன்கூட்டியே கேளுங்கள். அங்கே இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை, பொறுப்பானவர் பேசும் விதம். கையில் ஒரு தாள் கொண்டு போங்கள். ஒரு பக்கம் கடந்த மூன்று வாரம், நாள்வாரியாக ஆரம்பித்த நேரம், முடித்த நேரம். இன்னொரு பக்கம் வரும் வாரத்துக்கு நீங்கள் முன்வைக்கும் அட்டவணை, 30 மணி நேரத்துக்குள். அழுகை வந்தால் வரட்டும், தாள் பேசும். பேசி முடித்ததும் என்ன முடிவானது என்று நாலு வரி எழுதி அன்றிரவே அவர்களுக்கு அனுப்புங்கள். நாளைக்குப் பிரச்சினை பெரிதானால் உங்களிடம் இருக்கும் சாட்சி அதுதான்.

நேரக் குறிப்பை இன்றிலிருந்து தினமும் எழுதுங்கள். போன் காலண்டரில் போட்டு வைத்தால்கூடப் போதும்.

மினிமம் சம்பளம் கேட்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். ஓபேர் வழக்கமான வேலை ஒப்பந்தம் இல்லை, அதனால் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் அதற்குப் பொருந்தாது என்பதே பொது நிலை. அதே சமயம், தாளில் என்ன பெயர் இருக்கிறது என்பதைவிட உண்மையில் என்ன நடந்தது என்பதைத்தான் ஜெர்மன் தொழிலாளர் நீதிமன்றங்கள் பார்க்கின்றன. எர்ஃபுர்ட்டில் உள்ள உச்ச தொழிலாளர் நீதிமன்றம் 2021 ஜூனில் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. வயதான பெண்மணியைப் பார்த்துக்கொள்ள பல்கேரியாவிலிருந்து வந்த ஒரு பெண்ணின் வழக்கு. ஒப்பந்தத்தில் வாரம் 30 மணி நேரம், நடைமுறையில் இரவும் பகலும் கூப்பிட்ட குரலுக்குப் போக வேண்டும். காத்திருக்கும் நேரத்துக்கும் குறைந்தபட்ச ஊதியம் உண்டு என்றது நீதிமன்றம். அவர் முறையான ஊழியர், நீங்கள் ஓபேர். அதனால் அந்தத் தீர்ப்பை அப்படியே உங்களுக்குப் பொருத்த முடியாது. ஓபேர் என்ற பெயரில் முழுநேர வேலைக்காரியாக வைத்திருந்தால் வாதாட இடம் இருக்கிறது, அவ்வளவுதான். மூன்று வாரக் கூடுதல் நேரத்துக்காக அந்த வழியில் போகச் சொல்ல மாட்டேன். கூடுதலாக உழைத்த நேரத்தை ஓய்வாகக் கேட்டு வாங்குங்கள்.

பாட்டியைக் குளிக்க வைப்பது உங்கள் வேலை இல்லை. முதியவரைப் பராமரிப்பது ஓபேர் பணியில் சேராது. ஈரத் தரையில் அவர் வழுக்கினால் இரண்டு பேருக்கும் அடி. அங்கே பராமரிப்புக் காப்பீடு எல்லோருக்கும் கட்டாயம், தகுதி பெற்றவர்களுக்கு வீட்டுக்கே வந்து குளிப்பாட்டிவிட்டுப் போகும் சேவை உண்டு. உங்களுக்குப் பாட்டியைப் பிடிக்கும் என்று எழுதியிருந்தீர்கள். அவரோடு உட்கார்ந்து காபி குடியுங்கள், ஜெர்மனும் நன்றாக வரும்.

போடன்சே பயணம் உங்கள் லீவு ஆகாது

12 மாத ஒப்பந்தத்துக்கு நான்கு வார லீவு உண்டு, லீவிலும் பாக்கெட் மணி உண்டு. குடும்பத்தோடு நீங்கள் போய், அங்கேயும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால் அது லீவு இல்லை. இடம் மாறியிருக்கிறது, வேலை மாறவில்லை. அங்கேயும் 6 மணி, 30 மணிக் கணக்குத்தான். “உங்களோடு வருகிறேன், ஆனால் இது என் லீவில் கழியாது. என் லீவை செப்டம்பரில் எடுத்துக்கொள்கிறேன்” என்று தெளிவாகச் சொல்லலாம். உண்மையிலேயே லீவாக இருக்கட்டும் என்று அவர்கள் சொன்னால், அந்த இரண்டு வாரமும் உங்களுக்குக் குழந்தைப் பொறுப்பு எதுவும் இருக்கக் கூடாது, நீங்கள் கூடப் போகவும் வேண்டியதில்லை.

வகுப்புப் பணத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் பேசலாம். மாதம் 70 என்றால் வருடத்துக்கு 840 யூரோ. ஆகஸ்டில் வகுப்பு இல்லை என்றால், அந்தத் தொகையைச் சேர்த்து வைத்து செப்டம்பரில் பி1 என்ற இடைநிலைத் தீவிர வகுப்புக்குக் கட்டச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் எதிர்காலத்துக்கு இந்தப் பணம்தான் முக்கியம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

“விசாவை கேன்சல் பண்ணிடுவாங்க”

முடியாது. உங்கள் தங்கும் அனுமதியைக் கொடுத்தது வெளிநாட்டவர் அலுவலகம். அதைச் சுருக்கவோ ரத்து செய்யவோ அந்த அலுவலகத்துக்குத்தான் அதிகாரம். ஒப்பந்தம் முறிந்தால் அதைத் தெரிவிக்கும் கடமைதான் குடும்பத்துக்கு உண்டு. அப்படியே தெரிவித்தாலும் மறுநாளே விமானத்தில் ஏற்றிவிட மாட்டார்கள். வேறு குடும்பம் தேட வழி இருக்கிறது. புதிய ஒப்பந்தம், மத்திய வேலைவாய்ப்பு அமைப்பின் ஒப்புதல், அனுமதியில் மாற்றம், இவை எல்லாம் முடிந்த பிறகே புது வீட்டில் ஆரம்பிக்க வேண்டும்.

இதில் உள்ள சங்கடத்தையும் மறைக்கக் கூடாது. ஓபேராக மொத்தமே 12 மாதம்தான். வீடு மாறினால் புதிதாக ஒரு வருடம் கிடைக்காது, மீதி இருக்கும் ஐந்து மாதச் சொச்சம்தான். ஐந்து மாதத்துக்கு ஆள் எடுக்கத் தயங்கும் குடும்பங்களே அதிகம். அதனால்தான் முதலில் பேசிப் பாருங்கள் என்கிறேன். பேசியும் இரண்டு வாரத்தில் மாற்றம் இல்லை என்றால் எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள். ஒப்பந்தத்தில் எவ்வளவு நாள் என்று பாருங்கள், வழக்கமாக 14 நாள் இருக்கும். அடி, மிரட்டல், தொந்தரவு என்று ஏதாவது நடந்தால் நோட்டீஸ் எல்லாம் தேவையில்லை, அன்றைக்கே கிளம்பலாம். நீங்களே கிளம்பினாலும் அவர்களே அனுப்பினாலும், இரண்டு வாரத்துக்குள் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். முதலில் தெரிவித்தவர் நீங்கள் என்றால் உங்கள் பேச்சுக்கு எடை கூடும்.

உதவிக்கு ‘இன் வியா’ என்ற கத்தோலிக்க அமைப்பும், ‘ஃபெர்ஐன் ஃபூர் இன்டர்நாட்சியோனாலெ யூகெண்ட்அர்பைட்’ என்ற புராட்டஸ்டன்ட் அமைப்பும் இருக்கின்றன. இரண்டுக்கும் ஓபேர்களோடு நீண்ட காலப் பழக்கம் உண்டு, மதம் எதுவானாலும் போகலாம். பெண்களுக்கான 116 016 எண் நாள் முழுக்க இயங்கும், இலவசம், ஆங்கிலத்தில் பேசலாம். அவசரம் என்றால் போலீசுக்கு 110, ஆம்புலன்ஸுக்கு 112. இந்த மூன்று எண்ணையும் போனில் மட்டும் வைக்காமல் ஒரு சீட்டிலும் எழுதிப் பர்சில் வையுங்கள்.

பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கிவிடுங்கள். அது இந்திய அரசின் உடைமை, உங்கள் சம்மதம் இல்லாமல் இன்னொருவர் பிடித்து வைக்க முடியாது. கேட்டும் தரவில்லை என்றால் நிலைமை வேறு. அப்போது மியூனிக்கில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்துக்கு எழுதுங்கள், உங்கள் மாநிலம் அவர்கள் பொறுப்பில்தான் வருகிறது. கேட்டதும் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள் என்றே நினைக்கிறேன்.

பாரிஸும் ஹோட்டலும்

அம்மாவின் யோசனை பாசத்தில் வந்தது, ஆனால் அதைச் செய்யாதீர்கள். ஜெர்மன் அனுமதியை வைத்து பிரான்சுக்குச் சுற்றிப் பார்க்கப் போகலாம். 180 நாளில் 90 நாள் வரை தங்கலாம். அத்தை வீட்டில் லீவைக் கழிக்கத் தடையே இல்லை, போய் நன்றாகச் சாப்பிட்டு வாருங்கள். ஆனால் இந்த வீட்டை விட்டுச் சொல்லாமல் போய் அங்கேயே இருந்துவிட்டால், ஜெர்மன் அனுமதி போய்விடும், பிரான்சில் அனுமதியே இல்லை. பாரிஸில் நம் கடைகள் நிறைந்த லா ஷப்பல் பக்கம் தாள் இல்லாமல் வேலை செய்பவர்களைப் பற்றி அத்தையே சொல்வார். சம்பளம் தராவிட்டால் கேட்க முடியாது, உடம்புக்கு வந்தால் பயம், பிடிபட்டால் பிறகு ஷெங்கன் நாடு எதிலும் நுழைய முடியாத தடை வரலாம். இப்போது சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. அதை நீங்களே ஏன் கைவிட வேண்டும்?

ஹோட்டல் வேலையும் அப்படியே. ஓபேர் அனுமதியில் வேறு வேலைக்கு இடம் இல்லை, ஞாயிற்றுக்கிழமை நாலு மணி நேரம் என்றாலும். நம் ஆள்தானே, கையில் காசு கொடுப்பார் என்று போய் மாட்டினால், நாளைக்கு நீங்கள் கேட்கப்போகும் அடுத்த அனுமதிக்கு அதுவே தடை.

அடுத்த அனுமதி என்று ஏன் சொல்கிறேன் என்றால், அப்பாவின் நகையை மீட்க உங்களுக்கு உள்ள நல்ல வழி அதுதான். மாதம் 280 யூரோவில் கடன் அடையாது. ஓபேர் முடிகிற சமயத்தில் ஊர் திரும்பாமலே ஒரு வருடத் தன்னார்வச் சேவைக்கோ, ‘அவுஸ்பில்டுங்’ என்ற தொழிற்பயிற்சிக்கோ மாற வெளிநாட்டவர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். முடிவு அவர்கள் கையில். தொழிற்பயிற்சியில் முதல் மாதத்திலிருந்தே உதவித்தொகை உண்டு. செவிலியர் பயிற்சிக்கு இன்னும் நல்ல தொகை. ஆனால் பி1 ஜெர்மனாவது வேண்டும், பல மருத்துவமனைகள் அதற்கும் மேல்நிலையான பி2 கேட்கின்றன. செப்டம்பர் வகுப்புப் பணத்தை விடாதீர்கள் என்றது இதற்காகத்தான். அனுமதி ஜனவரி கடைசியில் முடிகிறது என்றால் அக்டோபரிலேயே இடம் தேட ஆரம்பித்துவிடுங்கள்.

ஏஜென்ட்டும் தங்கையும்

உங்கள் தங்கையை அனுப்ப வேண்டாம். இந்தியக் குடிமக்களுக்கு ஜெர்மனியில் மூன்று மாத ஓபேர் என்று ஒன்று கிடையாது. குறைந்தது 6 மாதம், அதிகம் 12 மாதம், அதற்கென்று தனி விசா. வயது 18 ஆகியிருக்க வேண்டும், விண்ணப்பிக்கும்போது 27 ஆகியிருக்கக் கூடாது. ஏ1 ஜெர்மன் கட்டாயம். மூன்று மாதம் என்று ஒருவர் சொன்னால் டூரிஸ்ட் விசாவில் அனுப்பி வேலை வாங்கப் போகிறார் என்று பொருள். போய் இறங்கிய முதல் நாளே சட்டவிரோதம். அங்கே ஒரு தமிழ்க் குடும்பத்திலேயே வைத்துவிடுகிறேன் என்று அவர் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஜெர்மன் தாய்மொழியாக இல்லாத வீட்டுக்கு, அவர்களுடைய சொந்த நாட்டிலிருந்தே ஓபேர் எடுக்க அனுமதி இல்லை. ஆக அது இந்தியக் குடும்பம் என்றால் அதுவும் பொய்.

இரண்டரை லட்சம் விஷயத்துக்கு வருகிறேன். ஜெர்மனியில் உள்ள ஏஜென்சி ஓபேரிடம் 150 யூரோவுக்கு மேல் வாங்கக் கூடாது என்று அங்கே விதி இருக்கிறது. பெரும்பகுதிக் கட்டணத்தைக் குடும்பங்கள்தான் கொடுக்கின்றன. நம் நாட்டில் 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் பதிவு செய்திருக்க வேண்டும். சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் மட்டுமே. பதிவு இருக்கிறதா என்று இ-மைக்ரேட் இணையதளத்தில் அப்பாவே பார்த்துவிடலாம். “இது வேலையே இல்லை, கலாச்சாரப் பரிமாற்றம்” என்று ஏஜென்ட் வாதம் செய்வார். அதனால்தான் அவர் அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜ்கள் முக்கியம். “மாசம் 80 ஆயிரம் சம்பளம், ஜெர்மனியில் ஜாப்” என்று அவர் எழுதியதாகச் சொல்கிறீர்களே, அந்த மெசேஜ் இருந்தால் அவர் விற்றது என்ன என்பதற்கு அதுவே அவர் வாக்குமூலம். ஏமாற்றியதாக பாரதிய நியாய சன்ஹிதா 318-ஆம் பிரிவின் கீழ் போலீசில் புகார் கொடுக்கலாம், குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கும் எழுதலாம். மெசேஜ்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, உங்கள் மெயிலுக்கும் அப்பா மெயிலுக்கும் அனுப்பி வையுங்கள். ஏஜென்ட்டிடம் இப்போதைக்கு எதுவும் பேச வேண்டாம் என்று வீட்டில் சொல்லுங்கள். தங்கை விஷயத்தில் மட்டும் “யோசித்துச் சொல்கிறோம்” என்று நிறுத்தி வையுங்கள், முன்பணம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது.

பணம் கொடுத்த ரசீது, பேங்க் டிரான்ஸ்ஃபர் விவரம், ஏஜென்ட்டோடு போட்ட தாள், ஓபேர் ஒப்பந்தம், இந்த நான்கின் நகலையும் எனக்கு அனுப்புங்கள். புகாரை எந்த அலுவலகத்துக்கு, எப்படி எழுதுவது என்று பார்த்துச் சொல்கிறேன். ஏரி விஷயத்தைச் சொல்லிவிட்டீர்களா என்பதை மட்டும் அதற்குக் காத்திருக்காமல் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.